சூடு போடும் சனிக்கிழமை

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கே டெல்மர் கிராஃப்ட் நாற்பது பேருக்குக் காபி போட்டு வைத்துவிட்டார். நாயும் தானுமாக நூற்று அறுபது கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்துப் பட்டியில் அடைத்தாயிற்று. உள்ளே கன்றுகளும் வெளியே தாய்களும் போட்ட கத்தலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. சூட்டுக்கோல் காய்ச்சுகிற கேஸ் அடுப்பு தயார். ஆட்கள் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

ஏழு மணி ஆயிற்று. எட்டும் ஆயிற்று. அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்த மணல் மேட்டுச் சீமையில் நாலு மைலுக்கு அப்பால் வண்டி வந்தாலே புழுதி தெரிந்துவிடும். டெல்மர் கண்ணுக்குக் கையைக் குடைபிடித்துப் பார்த்துப் பார்த்து ஓய்ந்தார். ஒரு புழுதியும் எழவில்லை.

யார் மாடு என்று தெரியக் கன்றுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. குதிரை மேலிருந்து பின்னங்காலில் கயிறு வீசி இழுத்துவர ரெண்டு பேர், கீழே அமுக்கிப் பிடிக்க ரெண்டு பேர், ஊசி போட ஒருவர், சூடு வைக்க ஒருவர். இன்றைக்கு என் பட்டி, அடுத்த வாரம் உன் பட்டி. கூலி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. நாற்பத்தோரு வருஷமாக டெல்மர் எந்த வீட்டுச் சூட்டுக்கும் போகாமல் இருந்ததில்லை.

அதோடு விட்டாரா மனுஷன்? தீயணைப்புப் படைக்கு முப்பது வருஷமாக அவர்தான் தலைவர். சம்பளம் ஒரு காசு கிடையாது. ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் அவரே. பள்ளிக்கூடக் குழுவில் அவர், பனி காலத்தில் பாதை ஒதுக்குவது அவர், கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டுவதும் அவர். "டெல்மர், நம்ம வீடு தீப்பிடிச்சாத்தான் உன்னைய வீட்ல பாக்க முடியும்போல," என்று அவர் மனைவி ஆர்டித் சிரிப்பாள். ஆர்டித் போன நவம்பரில் செத்துப்போனாள்.

பன்னிரண்டு மணிக்கு மடி கனத்த பசுக்கள் வேலியை முட்ட ஆரம்பித்தன. டெல்மர் பட்டியைத் திறந்து விட்டார். கன்றுகள் ஓடிப்போய் மடியில் முட்டின. அவர் உள்ளே போய், விடிய விடிய அடுப்பில் வெந்த இருபது ராத்தல் மாட்டிறைச்சியை ஃப்ரிட்ஜில் திணித்தார். காபியை வாசலில் கொட்டினார். அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. ஊருக்கு இத்தனை செய்தும் தனக்கு ஒரு நாதி இல்லையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை மதியம், பக்கத்துப் பண்ணை ராஸ் டன்லப்பின் மேய்ச்சல் நிலத்தில் மின்னல் விழுந்து புல் பற்றிக்கொண்டது. டெல்மர் மளமளவென்று வீடு வீடாகப் போன் போட்டார். "ராஸ் நிலத்துல தீ. வடக்கு வாசல் வழியா வாங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அவர் போனில் பேசுவது இப்படித்தான். இருபது நிமிஷத்தில் அத்தனை தண்ணீர் வண்டிகளும் வந்துவிட்டன. தீயும் ரெண்டு மணி நேரத்தில் அடங்கியது. ஆனால் ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கரி அப்பிய முகத்தோடு ராஸ் பக்கத்தில் வந்து நின்றார். "சனிக்கிழமை வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? ஆளுங்க போதுமா?"

வராமலும் இருந்துவிட்டு, குத்தலும் வேறா? டெல்மருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாராளமா இருந்துச்சு," என்றார்.

ராஸ் தலையை ஆட்டிக்கொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரி மேவிஸ், தீயணைக்கிறவர்களுக்கு சாண்ட்விச் கொண்டுவந்த கூடையை இறக்கிவைத்தாள். எழுபது வயது, வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

"ஏன்யா டெல்மர், எங்கள எதுக்குக் கழட்டி விட்ட?"

"நானா? நீங்கதான் ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

"யாரு கூப்பிட்டா?"

"கூப்பிடணுமா? மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமைன்னா என் வீட்டுச் சூடுன்னு ஊருக்கே தெரியுமே!"

மேவிஸ் தலையில் கை வைத்தாள். "அடப்பாவி மனுஷா! கூப்பிடாத வீட்டுச் சூட்டுக்கு எவன் போவான்? போனா, 'உன்னால முடியாதுன்னு வந்தேன்'னு சொன்ன மாதிரி ஆயிராதா? வருஷா வருஷம் ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை ஆர்டித் உக்காந்து இருபத்திரண்டு வீட்டுக்கும் போன் பண்ணுவா. ஒனக்குத் தெரியாதா?"

டெல்மருக்குத் தெரியாது. ஏப்ரல் கடைசியில் அவர் மாட்டுப் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் ஊர் வேலை.

"இந்த வருஷம் போன் வரல. நம்மள மட்டும் தள்ளிட்டான்னு ஒவ்வொரு வீட்லயும் நெனச்சிருக்காங்க. வெளிய சொன்னா மானம் போயிருமேன்னு அவனவன் வாயப் பொத்திக்கிட்டான். ஆர்டித் சாவுக்கு நான் சுட்டுக் கொண்டாந்த ஆப்பிள் பை வேகாம இருந்துச்சே, அதுதான் ஒனக்குக் கோவமோன்னு நான் நெனச்சேன். ராஸ் அன்னைக்கு விடிகாலையே குதிரைக்குச் சேணம் பூட்டிட்டு மத்தியானம் வரைக்கும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தானாம். அவன் பொண்டாட்டி இப்பதான் எங்கிட்ட சொல்லி அழுதா."

டெல்மர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். "நீயே எல்லார்கிட்டயும் சொல்லிரேன், மேவிஸ். வர்ற சனிக்கிழமைன்னு."

"நான் எதுக்குச் சொல்லணும்? மாடு ஒன்னுது, வாயும் ஒன்னுது."

அன்று சாயங்காலம் டெல்மர் சமையலறை நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரெரிகிற செய்தியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற மனுஷனுக்கு, எனக்குக் கொஞ்சம் கைகொடு என்று கேட்க நாக்கு எழவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர் அழவே பழகாத பிள்ளை. எழுபது வயதில் எங்கே போய்ப் பழகுவது?

மேவிஸிடம் தொடங்குவது சுலபம். ஆனால் பொய் சொன்னது ராஸிடம். முதலில் ராஸ் நம்பரைத்தான் போட்டார். ரெண்டாவது தரம் மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"டெல்மர் பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி தடாலென்று பின்னால் சரிந்தது. "எங்க தீ? எந்த வாசல் வழியா வரணும்?"

முப்பது வருஷமாக இந்தப் போனில் டெல்மர் வேறு எதுவுமே பேசியதில்லை.

"தீ எங்கயும் இல்ல, ராஸ். சனிக்கிழமை ஒருத்தரும் வரல. நான் ஒனக்குப் பொய் சொன்னேன். கன்னுக்குட்டிக்கெல்லாம் இன்னும் சூடு போடல. ஆர்டித்துதான் எல்லாரையும் கூப்பிடுவாள்னு எனக்குத் தெரியாது. வீட்ல ஒத்தையா கெடக்கேன்யா. நீ வரணும்."

ராஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சனிக்கிழமை எத்தன மணிக்கு?" என்றார் ராஸ்.

"ஆறு மணிக்கு."

"நான் இப்பவே வர்றேன்," என்றார் ராஸ். "மிச்சம் இருபத்தொரு வீடு இருக்குல்ல? நீ கூப்பிடு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."