வடிகட்டாத பதிவு

இருபத்தொன்பது மணி நேரம் தேடினார்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை ஐந்து வரை. தேடப் போனவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சுள்ளி பொறுக்கப் போன ஒரு பெண்தான் மரங்களுக்கு நடுவே வெள்ளை இறக்கையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த இடம், தேடிய இடத்திலிருந்து வடக்கே இருபத்தாறு கிலோமீட்டர்.

அத்தான் தன் சட்டையைக் கிழித்துத் தொடையில் கட்டுப் போட்டிருந்தார். அன்று விடியற்காலை வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் எழுதினார்.

அவர் என் அக்காவின் கணவர். ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டுபவர். எங்கள் ஆய்வகத்துக்கு அவர்தான் இலக்கு. நாங்கள் ஆறு வருடமாக ஒரு விமானத்தின் முதுகில் ராடார் பொருத்திக்கொண்டிருந்தோம். தரையில் நிற்கும் ராடாருக்குப் பூமியின் வளைவு தடை. தாழப் பறந்து வருபவனை அது கடைசி நேரத்தில்தான் பார்க்கும். அதே ராடாரை ஒன்பதாயிரம் மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால் நானூறு கிலோமீட்டர் தெரியும். எதிரி கிளம்பும்போதே தெரியும். அத்தான் தான் யார், எங்கே என்று அறிவிக்கும் அடையாளக் கருவியை அணைத்துவிட்டு மலைகளுக்கு இடையில் தாழப் பறப்பார். நாங்கள் மேலிருந்து அவரைப் பிடிக்க வேண்டும்.

"என்னம்மா விஞ்ஞானி, நேத்து புடிச்சீங்களா, கோட்டை விட்டீங்களா?" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பார்.

"புடிச்சோம் அத்தான்."

"பொய். அந்த ரெண்டாவது மலைக்குப் பின்னாடி நான் பாட்டுப் பாடிக்கிட்டுப் போனேன். ஒருத்தனும் கண்டுக்கல."

"உங்க பாட்டக் கேட்டு ராடாரே கண்ண மூடியிருக்கும்" என்பாள் அக்கா.

மேலிருந்து பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. தரையும் சேர்ந்து தெரியும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரி, ரயில், எல்லாம் திரையில் புள்ளிகளாக ஊரும். அதனால் ஒரு வேக வரம்பு வைப்போம். அதற்குக் கீழே நகரும் எதையும் கணினி தரைவண்டி என்று எடுத்துக்கொண்டு திரையிலிருந்து நீக்கிவிடும். எங்கள் வரம்பு மணிக்கு நூறு கிலோமீட்டர். அப்போதும் வேகமாக ஓட்டும் சில கார்கள் தப்பி வந்துவிடும். பெரியவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் வரம்பை நூற்றெண்பதுக்கு உயர்த்துவோம். திரை பளிச்சென்று இருக்கும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். இதற்குத் திரை கழுவுதல் என்று பெயர். இதைத் தொடங்கி வைத்த பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் துடைப்பம்.

கழுவிய மறுநாள் பழைய எண்ணுக்கு மாற்ற வேண்டும். அது என் வேலை. அந்தத் திங்கட்கிழமை ஒரு குழு வந்து போனது. செவ்வாய் காலை நான் கேட்டேன்.

"சார், வரம்ப பழையபடி நூறுக்கு மாத்திடவா?"

"அடுத்த வாரம் இன்னொரு குழு வருதேம்மா. மாத்தி மாத்தி விளையாடணுமா? அப்படியே இருக்கட்டும்."

நான் சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்பவள்.

வியாழக்கிழமை சோதனையின் நடுவே அத்தானின் விமானத்துக்குள் புகை வந்திருக்கிறது. விதிப்படி மின்சாரத்தை முழுக்க அணைத்திருக்கிறார். வானொலியும் அதோடு போனது. வடக்கே இருந்த சமவெளியை நோக்கித் திருப்பி, எஞ்சின் இழுத்த மட்டும் இழுத்து, மீதியை மிதந்து போயிருக்கிறார். வேகம் மணிக்கு நூற்று நாற்பது. பதினோரு மணி பதினான்கு நிமிடத்துக்கு எங்கள் கணினி அவரை லாரி என்று முடிவு செய்து துடைத்துவிட்டது. கடைசிப் புள்ளி இருந்த இடத்தைச் சுற்றித்தான் எல்லோரும் தேடினார்கள்.

திரையில் துடைப்பது ரெக்கார்டரில் அழியாது. வடிகட்டாத பதிவு அப்படியே இருக்கும். அதில் அவர் மேலும் பதினோரு நிமிடம் பறந்தார். மூன்றாம் நாள் அந்தப் பதிவைத் திறந்ததாக விசாரணைக் குழுவிடம் துடைப்பம் சொன்னார். குழுவின் வரைவு அறிக்கையில் இப்படி இருந்தது: விமானி அறிவிக்காமல் பாதை மாறினார், தாழப் பறந்ததால் ராடார் பார்வையிலிருந்து மறைந்தார்.

அக்கா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"இருபது வருஷம் ஓட்டினவருடி. பாதை மாறிட்டாராம். பாப்பா கேக்குறா, அப்பாவுக்கு வழி தெரியாதாம்மான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன்.

"நானூறு கிலோமீட்டர் தெரியும்னு பீத்திக்குவியே. அவர் ஒருத்தர உனக்குத் தெரியலையா?"

கடைசி அமர்வுக்குக் குடும்பத்தினரையும் அனுமதித்தார்கள். நீள மேசை, மூன்று அதிகாரிகள், தண்ணீர் பாட்டில்கள். துடைப்பம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அக்கா சுவரோரம், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி.

"வரைவு அறிக்கையில யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்று தலைமை அதிகாரி கேட்டார். காகிதத்தை ஏற்கனவே மூடத் தொடங்கியிருந்தார்.

நான் எழுந்தேன். நாற்காலி கீச்சென்று நகர்ந்தது.

"உக்காரும்மா" என்றார் துடைப்பம் மெதுவாக.

"அவர் தாழப் பறந்ததால மறையல சார். வேக வரம்பு நூற்றெண்பதுல இருந்தது. பார்வையாளருக்காக ஏத்தினது. திரும்ப மாத்தல."

"யார் மாத்தல?"

"நான்தான்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "வேற ஏதாவது?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. புருஷன் மேல் தப்பில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்திருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. இருந்தாலும் அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வடிகட்டாத பதிவ மூணாம் நாள் திறக்கல. முதல் நாளே என்கிட்ட நகல் இருந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் திறந்து பாத்துட்டேன். வடக்கே எங்க இறங்கினார்னு தெரிஞ்சுபோச்சு. இதோ எங்க சார்கிட்ட சொன்னேன். நானே மேல சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காதன்னாரு. நான் வீட்டுக்கு வந்து உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

அக்காவின் கைப்பை மடியிலிருந்து நழுவியது.

"அப்ப அத்தான் உயிரோட இருந்தாரு, அக்கா."