பெயர் கொடுக்காமல் ஓட்டினால்?

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கணினிக்கு வேலை சொல்லும் ஸ்கிரிப்ட் யாருடையது சரிபார்ப்புக்குப் போனாலும் துருவித் துருவிக் கேட்பான். அன்று மாட்டியது, அதே பிரிவில் வேலை பார்க்கும் அவளுடையது.

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன்பு நோயாளிகளின் குரலை அங்கே பதிந்து வைப்பார்கள். பின்னால் பேச்சு போய்விட்டால், கணினி அவர்கள் குரலிலேயே பேசும். பதிவுக்கு முந்தைய ஒத்திகைக் கோப்புகளை அழிப்பதுதான் அந்த ஸ்கிரிப்டின் வேலை. எந்தக் கணினி, எந்த ஃபோல்டர் என்று கட்டளையோடு சேர்த்துத் தர வேண்டும். எது முதலில் என்று எல்லோரும் குழம்பியதால், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளச் சொல் வைத்து, எந்த வரிசையிலும் தரலாம் என்று மாற்றியிருந்தாள். படிக்கவே சுகமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பூதக்கண்ணாடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஃபோல்டர் பேரைக் குடுக்காம ஓட்டினா என்னாகும்?"

"யாருங்க அப்படி ஓட்டப்போறாங்க?"

"அவசரத்துல யாராவது ஓட்டுவாங்க. நானே ஓட்டுவேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. சோதனைக் கணினியில் ஓட்டிக் காட்டினாள். பெயர் இல்லாததால் ஸ்கிரிப்ட் மொத்தச் சேமிப்பையும் அழிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. மாதிரிக் குரல்கள் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போயின.

பெயர் இல்லாவிட்டால் நிறுத்திவிடும் வரி பழைய ஸ்கிரிப்டில் இருந்தது. சுத்தம் செய்யும்போது குப்பையோடு குப்பையாக அவள்தான் அதைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

 அன்று காலைதான், தொண்டை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த அவளுடைய சித்தப்பா பதிவறையில் உட்கார்ந்து, சித்தியைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பதிவுக்கு இன்னும் நகல்கூட எடுக்கவில்லை.

நிறுத்தும் வரியைத் திரும்பச் சேர்த்தாள். "ஃபோல்டர் பெயர் வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுகொண்டது.

"உங்களுக்குக் கோயிலே கட்டலாங்க," என்றாள்.

"கட்டறது இருக்கட்டும். பேருக்குப் பதிலா, உள்ளே ஒண்ணுமில்லாம வெறும் மேற்கோள்குறி மட்டும் குடுத்துப் பாருங்க."

கொடுத்தாள். அதற்கும் நின்றது. அவன் சிரித்துக்கொண்டே ஒப்புதல் பொத்தானைத் தட்டினான்.

வேலை முடிந்ததும் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனாள். டிவி ரிமோட்டை எங்கேயோ வைத்துவிட்டு, சித்திமேல் பழியைப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, என்னையே பாக்கறே?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. நீங்க திட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.