சிவப்பாய் நின்ற ஒரு சோதனை

இருநூற்றுப் பதினான்கு சோதனைகளில் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. பிற்பகல் மணி மூன்று பத்து. அக்காள்மடம் என்னும் ஊரில் வாடகை வீட்டில் மடிக்கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெயசுதா. பச்சையாகித் தொலையக் கூடாதா சனியன் என்று வாய்விட்டே திட்டினாள்.

‘கரைக்குரல்’ அவளும் நண்பன் வீரமணியும் சேர்ந்து எழுதிய மென்பொருள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். கண்மாயில் நட்ட கருவியின் மிதவை தண்ணீரின் உயரத்தைச் சொல்லும். ஆபத்தென்றால் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் போனுக்கு அழைப்பு போகும். திருவாடானைப் பக்கம் பதினேழு ஊர்கள் அதை நம்பியிருந்தன. நிரலில் ஒரு வரி மாறினாலும் சோதனைகள் தாமாக ஓடும். எல்லாம் பச்சையானால்தான் மாற்றம் ஊர்களுக்குப் போய்ச் சேரும். அவற்றை இதுவரை ஓட்டிவந்த பழைய சர்வர் இன்று மாலை ஐந்து மணியோடு நிற்கிறது. அதற்குள் அத்தனையையும் புதிய இடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

வீரமணி பரமக்குடியிலிருந்து போனில் இருந்தான். "அந்த ஒன்ன ஸ்கிப் போட்டுட்டு நகத்து சுதா. பழசுல பச்சையாத்தான இருந்துச்சு?"

அதுதான் அவளுக்கு இடித்தது. பழைய இடத்தில் பச்சை, புதிய இடத்தில் எப்படிச் சிவப்பு? பழைய அமைப்பைத் திறந்து பார்த்தாள். நடுவில் ஒரு வரி இருந்தது: இந்தச் சோதனை தோற்றாலும் பச்சையே காட்டு. எழுதியவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. அவள் பெயர்தான்.

ஏப்ரலில் எழுதியது. கருவி மணிக்கணக்காக ஒரே அளவைச் சொன்னால் அது பழுது. உடனே வீடுகளுக்கு அழைப்பு போக வேண்டும். ஆனால் கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாயில் அளவு எப்படி மாறும்? தினமும் வெட்டி அழைப்பு, தினமும் ஊர்க்காரர்களின் வசவு. கடுப்பில் அந்த எச்சரிக்கையையே நிறுத்தினாள். சோதனை கத்தியது, அதன் வாயையும் கட்டினாள். மழைக்கு முன்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். எங்கே செய்தாள்!

இப்போது கார்த்திகை. விடிந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. பதினேழு ஊர் அளவுகளையும் திரையில் வரவழைத்தாள். பதினாறில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவளுடைய சொந்த ஊரில் மட்டும் காலை எட்டு மணியிலிருந்து ஏழடி நாலங்குலம், அசையவே இல்லை.

ஊரிலிருக்கும் தம்பி காளிராஜை அழைத்தாள். "ஏலே, கண்மாய்க் கரைக்கு ஓடு. தண்ணி எங்கன நிக்கிதுன்னு பாத்துச் சொல்லு."

பத்து நிமிடத்தில் மூச்சிரைக்கச் சொன்னான். "அக்கா, கரை முட்ட ஒரு சாண்தான் இருக்கு. மிதவையில கருவேல முள்ளு சிக்கிக் கெடக்கு. வடக்குப் பக்கம் கசியுது."

"கரைக்குக் கீழ இருக்குற பள்ளத்தெருவக் கெளப்புடா."

"சொல்லிட்டேன். மெஷினு கூப்பிடலயேங்கிறாக."

அவர்களையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் எவனோ கரை உடைந்ததென்று புரளி கிளப்பி, தெருவே கைப்பிள்ளைகளோடு நனைந்துகொண்டு ஓடியது. இனி ஆள் சொன்னால் கிளம்புவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். கையால் அழைப்பு விடும் வசதியையும் அன்றைக்கே ஜெயசுதா எடுத்துவிட்டாள்.

அப்பாவின் தங்கை பூமயில் அந்தத் தெருவில்தான் இருந்தாள். அவள் கிளம்பினால் நாலு வீடாவது கிளம்பும்.

"அயித்த, நான் சுதா பேசுறேன். இப்பவே மேட்டுக்குப் போங்க."

"அங்கன உக்காந்துக்கிட்டு நீ சொல்லுவ. ஆடு குட்டி போட்டுருக்கு, இந்த மழையில எங்க இழுத்துட்டுப் போக? மெஷினு கூப்பிடட்டும், வாரேன்." போனை வைத்துவிட்டாள்.

வீரமணியை மறுபடி அழைத்து விவரம் சொல்லிக்கொண்டே ஜெயசுதா நிரலைத் திறந்தாள். கண்மாய் வறண்டிருந்தால் சும்மா இரு, தண்ணீர் இருந்தால் கத்து. நாலே வரிதான். அடித்து முடித்தாள்.

"பழைய சர்வர் வழியா அனுப்பு," என்றான் வீரமணி. "அங்க எதப் போட்டாலும் பச்சைதான், ரெண்டே நிமிசம். புதுசுல பதினோரு நிமிசம் ஆகும்."

பதினோரு நிமிடத்தில் கரை உடையலாம். பழையதில் அனுப்பத்தான் விரல் போனது. எதைப் போட்டாலும் பச்சை என்ற சொல்தான் அவளைத் தடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புதியதில் அனுப்பினாள்.

நாலாவது நிமிடம் அதே சோதனை சிவப்பானது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சரிதான்: நிபந்தனையைத் தலைகீழாக எழுதியிருந்தாள். வறண்டால் கத்தும், தண்ணீர் நின்றால் வாயைத் திறக்காது. பழையதில் போட்டிருந்தால் பச்சையாகவே போயிருக்கும். அழுகை வந்தது. அழுதுகொண்டே திருத்தினாள். மறுபடி பதினோரு நிமிடம்.

நாலு ஐந்துக்கு இருநூற்றுப் பதினான்கும் பச்சை. அடுத்த நிமிடமே பள்ளத்தெருவின் அறுபத்தோரு வீட்டுப் போன்களும் அடித்தன.

நாலே முக்காலுக்கு வடக்குக் கரை உடைந்தது. பள்ளத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆள் ஒருவர்கூட இல்லை. மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து பூமயில் அழைத்தாள்.

"நீ சொன்னப்ப நம்பல தாயி, கோச்சுக்கிறாத. மெஷினு பொய் சொல்லாதுல்ல, அதான் அது கூப்பிட்டதும் ஓடியாந்துட்டோம்."

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஜெயசுதாவுக்கு மனம் வரவில்லை.

"எட்டு மாசமாப் பொய்தான் சொல்லிருக்கு அயித்த. சொல்ல வச்சதே நான்தான்."



"அப்ப இனிமே யார் சொன்னாத்தான் நாங்க கெளம்புறது?" என்றாள் பூமயில்.