பருவுக்கு வாங்கிய மாத்திரை

ஷாலினிக்கு ஆறாம் மாதத்தில் முகமெல்லாம் பரு கிளம்பியது. ஒன்றிரண்டு என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதானே என்று விட்டுவிடலாம். இது நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், தாடை என்று கழுத்துவரை இறங்கிவிட்டது. சீழ் கோத்து உடைந்து தலையணை உறையில் மஞ்சளாக ஒட்டிக் காயும். காலையில் உறையைக் கன்னத்திலிருந்து பிரித்தெடுக்கும்போது அவளுக்கே குமட்டும். மசக்கை எல்லாம் தீர்ந்த பிறகு சொந்த முகத்தைப் பார்த்து ஓங்கரிக்கிற கொடுமை வேறு யாருக்காவது நடந்திருக்குமா என்ன?

கிளியனூரிலிருந்து மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். இந்த ஊரில் அடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆளே இல்லை. குழாயடிக்குப் போனால் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார்கள். "பொட்டப்புள்ளதான். அம்மாவோட அழகையெல்லாம் அதுதான் உறிஞ்சிக்கும்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி செதில் ஒட்டிய விரலாலேயே தாடையை அமுக்கி, "பழுத்துடுச்சி, கிள்ளி வுட்று" என்றாள். அந்தக் கவிச்சி வாடை சாயங்காலம்வரை ஷாலினியின் மூக்கை விட்டுப் போகவில்லை.

மாமியார் தெய்வநாயகி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் எண்ணெய் மாதிரிக் கொழகொழவென்று எதையோ பிடித்து வந்தாள். உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் அது.

"அளத்துல எங்களுக்குக் கால்ல புண்ணு வந்தா இத்தத்தான் வெப்போம். ரெண்டு நாள்ல காஞ்சிடும். மூஞ்சியக் காட்டும்மா."

துணியில் நனைத்துக் கன்னத்தில் ஒற்றினாள். ஷாலினி அலறாத குறைதான். எரிச்சலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது, பாட்டிலின் அடியில் ஊறிக் கிடந்த செத்த பூச்சிகள் கண்ணில் பட்டன. தின்ற சோறு அத்தனையும் வெளியே வந்துவிட்டது. தெய்வநாயகி பதறிப்போய் முறத்தால் விசிறினாள். நல்லது செய்ய வந்தவள்மேல் கோபப்பட முடியுமா? அருவருப்புக்கு அந்த நியாயமெல்லாம் தெரிவதில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. புருஷன் மோகன் நடந்துகொண்டதுதான் தாங்க முடியவில்லை. புதுச்சேரியில் ஒரு பைக் ஷோரூமில் வேலை அவனுக்கு. வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசுவான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். அடுத்த மாதம் வளைகாப்பு. மண்டபம் பேசுவதற்கு முன்னாலேயே போட்டோக்காரரைப் பேசி வைத்துவிட்டவன் அவன்.

"இந்த மூஞ்சிய எப்டிடி ஸ்டேட்டஸ்ல வெக்கிறது? ஷோரூம்ல எல்லாரும் பாப்பாங்க" என்றான். குழந்தை எப்படி இருக்கிறது என்று அந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் டப்பா இல்லாமல் வெறும் மாத்திரை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "எங்க ஷோரூம்ல சரத்குமார் இருக்கான்ல, அவன் மூஞ்சி பரு வந்து பள்ளம் பள்ளமா கெடந்துச்சி. இத்தப் போட்டுத்தான் பளபளன்னு ஆயிட்டான். தெனம் ஒண்ணு போடு. வளைகாப்புக்குள்ள சரியாயிடும்."

ஷாலினிக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்துவிட்டாள். அட்டையின் பின்பக்கம் வயிறு தள்ளிய பெண் படம் ஒன்றைப் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தது.

"என்னங்க இது?"

"அதுவா, புள்ள உண்டாவாம தடுக்கும்னு அர்த்தம். உனக்குத்தான் உண்டாயிடுச்சே, அப்புறம் என்ன?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. "காலையில செக்கப் இருக்குதுங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கிறேன்" என்றாள். அதற்கு மோகன் சிடுசிடுத்தான். "பருவுக்குப் போய் டாக்டர்கிட்ட கேப்பாங்களா? எல்லாத்தையும் அங்க போய் ஒப்பிக்கணுமா?" அவன் அப்படிச் சிடுசிடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே ஒன்றை விழுங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்ததும் டாக்டரம்மா எழுந்தே விட்டார். "எத்தனை போட்டீங்க?"

"இன்னும் போடல மேடம்."

"ஒண்ணுகூடப் போடக் கூடாது. குழந்தைக்கு மூளை, இதயம், காதுன்னு எது வேணும்னாலும் கோளாறா உருவாகலாம். கருவே கலைஞ்சும் போகலாம். அந்தப் படம் அதுக்குத்தாம்மா போட்டிருக்கு." அட்டையை அவளிடம் திருப்பித் தரவில்லை. முகத்தை மென்மையான சோப்புப் போட்டு இருவேளை கழுவச் சொன்னார். கிள்ளக் கூடாது, கண்டதைப் பூசக் கூடாது, கடையில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம் பக்கமே போகக் கூடாது. கர்ப்பிணிகள் போடக்கூடிய ஆயின்ட்மென்ட் ஒன்றை எழுதித் தந்தார். "மெதுவாத்தான் கொறையும். பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்குத் தானா அடங்கிடும். வேற எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க."

வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதை மோகனிடம் சொன்னாள். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்வான், இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"மெடிக்கல்ல கேக்கத்தான் செஞ்சான், வீட்டுல யாராவது மாசமா இருக்காங்களான்னு" என்றான் அவன். "இருக்காங்கன்னு சொன்னா குடுப்பானா? யாரும் இல்ல, எனக்குத்தான்னு சொல்லி வாங்கினு வந்தேன். எல்லாம் உனக்காகத்தானடி."

ஏதோ பெரிய தியாகம் செய்தவன் மாதிரி சொன்னான். அவன் வாயைப் பார்க்கவே ஷாலினிக்குக் கூசியது. இதோடு பார்த்தால் சீழும் செத்த பூச்சியும் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து அவள்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வளைகாப்பு வந்தபோது பரு பாதிதான் அடங்கியிருந்தது. நலங்கு வைக்க வந்த பெண்கள் கன்னத்தில் பூசச் சந்தனத்தை அள்ளினார்கள். "டாக்டரம்மா மூஞ்சியத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கையில பூசுங்க" என்று தெய்வநாயகி பக்கத்திலேயே காவல் நின்றாள். எல்லாரும் முடித்ததும் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "சார் வாங்க. மேடம் கன்னத்துல லேசா சந்தனம் வைங்க. போட்டோவுக்குத்தான்."

பட்டு வேட்டியில் மோகன் சந்தனக் கிண்ணத்தோடு சிரித்தபடி குனிந்தான். ஷாலினி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன், எரியுதா?" என்றான் மெதுவாக.

அவள் மெதுவாகப் பேசவில்லை. "வீட்டுல மாசமா யாரும் இல்லன்னு மெடிக்கல்ல சொல்லிட்டு வந்தவருக்கு இங்க என்ன வேலை?"

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். தெய்வநாயகிக்குப் புரியவில்லை. என்ன மாத்திரை, அது வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும், தெரிந்தே என்ன பொய் சொல்லி வாங்கினான் என்று ஷாலினி அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

தெய்வநாயகி மகனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போ. போய் பந்திக்கு எலையப் போடு."