மச்சானுக்கு அனுப்பிய சாரி

ஒரு நாளைக்கு நாற்பது சாரியாவது சொல்லுவேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இ-சேவைக் கடை வைத்திருப்பவன் வேறு என்ன செய்வான்? "சர்வர் படுத்துக்கிச்சுங்க, சாரி." "கைரேகை விழலீங்க, சாரி." சொல்லும்போது கண் கம்ப்யூட்டரில் இருக்கும், கை வேறு வேலை பார்க்கும். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வார்த்தையைத்தான் என் மச்சான் முருகவேல் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

என் மகள் யுவஸ்ரீக்கு மூன்று வயது. வெள்ளிக்கிழமை மலைமேல் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவி ஷோபனாவுக்கு உடன்பிறந்தவன் முருகவேல் ஒருவன்தான். பள்ளிப்பட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் அவனை நேரில் அழைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பத்திரிகையை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று காலை நீட்டிப் படுத்தேன், புத்தி கெட்டவன்.

அவன் வரமாட்டேன் என்றான். "சாரி மச்சான்" என்று தட்டி, கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். பதிலுக்கு வாய்ஸ் மெசேஜில் அவன் குரல் வந்தது. அக்கா புருஷன் என்பதால் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"பஸ்ல கால மிதிச்சவன் சொல்ற வார்த்த அது, பாவா. நான் உங்களுக்கு யாரு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாரி சொன்ன பிறகும் இன்னா வேணுமாம் உன் தம்பிக்கு? கால்ல விழணுமா?" என்று ஷோபனாவிடம் கத்தினேன்.

அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இந்த சாரி எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துகினு இருந்தேன். பழைய இங்கிலீஷ்ல புண்ணு, வலின்னு ஒரு வார்த்தையாம், அதுலேருந்துதான் வந்துச்சாம். அப்போ சொல்றவனுக்குத்தான் உள்ள வலிக்கணும். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"தலதான் வலிக்குது."

"அப்ப காதுகுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று எழுந்து போனாள். சமையற்கட்டில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. தட்டை எடுத்துவைத்து, அவளையும் வரச் சொன்னேன்.

"நான் வந்தா என் மூஞ்சிக்காக வாங்கிப்பான். நீங்களே போங்க," என்றாள்.

பள்ளிப்பட்டில் முருகவேல் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தான். "வாங்க பாவா," என்றான். தட்டை வாங்க மட்டும் கை நீட்டவில்லை. வாய்வரை வந்த சாரியை விழுங்கினேன். அதை விட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் வியர்த்துப்போயிற்று.

"ஊருக்கெல்லாம் அனுப்பினதையே உனக்கும் அனுப்பிட்டேன், முருகவேலு. தப்பு என்னுதுதான். உங்க அக்கா நேத்து அழுதுட்டா. எனக்கு சோறு எறங்கல. நீ இல்லாம கொழந்தையத் தூக்கிகினு மலையேற மனசு வரல."

அவன் கையிலிருந்த கடலையைக் களத்தில் போட்டான். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினான்.

"சாப்ட்டுட்டுதான் போவணும்," என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் மடியில் யுவஸ்ரீ உட்கார்ந்தாள். காது குத்தும் ஆசாரியின் ஊசி ஏறியதும் மலையே அதிரும்படி வீறிட்டாள். இரண்டு கடலை மூட்டையை ஒரே மூச்சில் தூக்குகிற முருகவேல், அவளுக்கு மேல் தேம்பித் தேம்பி அழுதான்.

"இன்னாடா இது," என்று ஷோபனா சிரித்தாள்.

"கொழந்தைக்கு வலிக்குதுக்கா," என்றான்.

யுவஸ்ரீ அழுகையை நிறுத்திவிட்டு அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் பட்டுப் பாவாடையைத் தூக்கி மாமன் கண்ணைத் துடைத்தாள். இன்னொரு காது பாக்கியிருந்தது. மாமனைத் தேற்றிய பிறகுதான் ஆசாரியால் அதைக் குத்த முடிந்தது.