நாலாவது பிளக்

"சுத்து" என்றார் பெரியவர்.

தம்பி மகள் சாவியைத் திருப்பினாள். கார் இன்ஜின் முனகிக்கொண்டு சுற்றியது. கழற்றிய ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் உடம்பில் சாய்த்து, உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக் குனிந்து பார்த்தார். பிளக்கின் வாயில் ஒரு பொறி எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. மஞ்சளாக, நூல் போல. பொறி என்றால் நீலமாக இருக்க வேண்டும். 'பட்' என்று சொடுக்க வேண்டும்.

"போதும்."

"வருதா பெரியப்பா?"

"வருது. உயிரில்ல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. ஷெட்டுக்கு இரண்டு சுவர் தள்ளி, முன்கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள்.

மணி ஒன்று. நாலு மணிக்கு அமரர் ஊர்தி வரும். ஊர்வலத்தில் அதற்கு முன்னால் இந்தக் கார் போக வேண்டும். அப்பா வாங்கிய கார். அப்பா போனபோதும் அம்மா போனபோதும் இதுதான் முன்னால் போனது. காலையில் கூடம் நிறைய ஆட்கள் இருக்கையில் பெரியவர் எழுந்து நின்று, "தம்பிக்கும் அதுதான்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். அந்தக் குடும்பம் நாலு பேர் முன்னால் தலைகுனிந்தது ஒரே ஒருமுறை. அதுவும் இந்தக் காரால்.

பதினோரு வருடத்துக்கு முன், கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில், நடுத்தெருவில் கார் நின்றுவிட்டது. மணப்பெண் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அவர்கள் காதுபடவே பெரியவர் தம்பியிடம், "அப்பா வண்டியைக் கொன்னுட்டியேடா. உனக்கெல்லாம் எதுக்கு இது?" என்றார். தம்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அன்றோடு பெரியவர் ஷெட்டில் கால் வைப்பதை விட்டார். தம்பியிடம் பேசுவதையும் விட்டார். ஒரே வீடு, மாடியில் இவர், கீழே அவர். ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் தம்பி மனைவி மூலம் போகும், வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தம்பி காரைக் கிளப்பிப் பார்ப்பார். மாடியில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்தபடி, எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று பெரியவர் எண்ணுவார். ஐந்து. ஒன்பது. ஒருமுறை பதினாலு. எண்ணிக்கை கூடக்கூட, அன்று தான் சொன்னது சரிதான் என்று பக்கத்தைப் புரட்டுவார். மூன்று வாரமாக அந்தச் சத்தம் இல்லை. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அன்றைய மணப்பெண்தான் இப்போது சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பியின் மச்சான் ஷெட்டு வாசலில் தலையை நீட்டினார்.

"எதுக்குப் பெரியவரே இந்தப் பாடு? என் கார் நிக்குது, ஏசி போட்டுக்கிட்டுப் போலாம். இல்ல, பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"எங்கப்பா வண்டியில வெளியாள் கை பட்டதில்ல."

"அப்ப நாலு பேர் தள்ளிக்கிட்டே போயிருவோம். முன்னால அதுதான் போன மாதிரியும் ஆச்சு."

"கிண்டலுக்கு இன்னொரு நாள் இருக்கு. இன்னைக்குப் போய் உங்க அக்கா பக்கத்துல உக்காருங்க."

மச்சான் போய்விட்டார். பெரியவர் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார். பேட்டரி தம்பி மகளின் காரிலிருந்து கழற்றி மாட்டியது, அதில் குறையில்லை. பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. கண்டென்சரையும் மாற்றியாயிற்று. பொறி அதே மஞ்சள்தான். கடைசியில் பிளக்கின் வாயில் பொறி தாண்டுகிற இடைவெளியை அளவுத் தகட்டால் அளந்தார். அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் இருபத்தைந்து இருக்க வேண்டியது, பதினாறுதான் இருந்தது. நாலிலும் பதினாறு.

"பாரு, உங்கப்பன் பண்ணி வச்சிருக்கிறதை! நாலையும் நெருக்கி வச்சிருக்கான்."

ஒரு நிமிடம் அவருக்கு மனம் நிறைந்துதான் இருந்தது. பிறகு அளவுத் தகட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தேயத்தேய இடைவெளி கூடும், குறையாது. யாரோ வேண்டுமென்றே தட்டிக் குறைத்திருக்கிறார்கள். பொறியில் தெம்பில்லை என்று தெரிந்தவன்தான், அது தாண்டுவதற்குத் தோதாக இடைவெளியைக் குறைப்பான். தெரிந்தவன் ஏன் அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் விட்டான்?

"பென்சில் இருக்கா?"

ஆணியில் தொங்கிய தம்பியின் அழுக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டைப் பென்சிலை அவள் எடுத்துக் கொடுத்தாள். நன்றாகச் சீவியிருந்தது.

அப்பா காட்டிக்கொடுத்த வழி அது. பிளக்குக்குப் போகும் தடித்த வயருக்கும் பிளக்குக்கும் நடுவில் பென்சில் முனையைப் பிடித்தால், பொறி அதைத் தாண்டும்போது ஒரு பக்கம் சீறும். பிளக் பக்கம் சீறினால் சரி. வயர் பக்கம் சீறினால், பொறிக்கான மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்கும் காயிலின் இணைப்பு தலைகீழாக இருக்கிறது. பொறி வரும், ஆனால் பாதித் தெம்போடுதான் வரும்.

"சுத்து."

வயர் பக்கம் சீறியது.

"இன்னொரு தடவை."

வயர் பக்கம்தான்.

பெரியவர் காயிலைப் பார்த்தார். அதன் தலையில் இரண்டு சன்ன வயர்கள். இரண்டின் கழுத்திலும் மெழுகு பூசிய சிவப்பு நூல், மூன்று சுற்று, மேலே பட்டையான முடிச்சு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருடம் அவர் கை போட்ட முடிச்சு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வண்டி வழியில் நிற்கக் கூடாதே என்று புதுக் காயில் வாங்கி வந்து, அவரேதான் மாட்டினார். கூட்டல் குறி போட்ட முனையை, எல்லாக் கார்களிலும் செய்வதுபோல, சாவியிலிருந்து வரும் வயரோடு சேர்த்தார். இது பழைய கார். பேட்டரியின் கூட்டல் முனை இதில் கார் உடம்போடு சேர்ந்திருக்கும். இதற்கு எல்லாமே மாறித்தான் கட்ட வேண்டும்.

நூலின் மேல் தூசி படிந்திருந்தது. முடிச்சு குலையவில்லை.

"இதை யாரும் அவுக்கலையா?"

"அப்பா தொட விடமாட்டார் பெரியப்பா. 'அது அண்ணன் கட்டினது, அண்ணனே வந்து அவுக்கட்டும்'பார்."

"எப்ப சொன்னான்?"

"ஒவ்வொரு தடவை பிளக்கை நெருக்கும்போதும் சொல்வார்."

"வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லமாட்டார்."

அவள் கத்தியை நீட்டினாள். வேண்டாமென்று தலையசைத்தார். நகத்தால் நெம்பினார். மெழுகு இறுகிக் கல்லாயிருந்தது. இரண்டு முடிச்சையும் அவிழ்க்க முக்கால் மணி நேரம் பிடித்தது. நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வயர்களை இடம் மாற்றி மாட்டினார்.

"சுத்து."

'பட்' என்றது. நீலம்.

சத்தம் கேட்டு மச்சான் மறுபடி வந்தார். பின்னாலேயே இன்னும் மூன்று நாலு பேர்.

"என்னங்க, கோளாறு பிடிபட்டுச்சா? எங்க அத்தான் ஏதாச்சும் மாத்திக் கீத்தி வச்சிருந்தாரா?"

பெரியவர் நிமிர்ந்தார். முதுகு நேரானது. தம்பி மகள் அவரைப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் மாத்தல. நான் தப்பாக் கட்டினது."

"எப்ப?"

"இவ கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி."

மச்சான் வாசலிலிருந்து விலகினார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்குத் திரும்பினார்கள்.

பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து இருபத்தைந்துக்கு விரித்தார். மூன்று முடிந்தது. நாலாவதைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். தகட்டை அதில் நுழைக்கவில்லை. தம்பி நெருக்கி வைத்தபடியே திருகி மாட்டினார்.

"அதை அளக்கலையே பெரியப்பா?"

"நேரமாச்சு."

இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. உதடு தன்போக்கில் "ரெண்டு" என்று எண்ணியதை அவர் கவனித்தார்.

நாலு மணிக்கு அமரர் ஊர்தி வந்து நின்றது. பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். தம்பி குட்டையானவர், இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பக்கத்தில் தம்பி மகள் உட்கார்ந்தாள்.

"தூசி வருது, கண்ணாடியை ஏத்திக்கங்க பெரியப்பா."

"இருக்கட்டும்."

கார் மெல்ல நகர்ந்தது. மூன்று துடிப்பு சீராக. நாலாவது சற்று இறங்கி. மறுபடி மூன்று. அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டபடி ஓட்டினார்.