தூக்கக் காவல்

ஆபரேஷனுக்கு முன்னால் நன்றாகத் தூங்கிப் பழகுங்கள் என்று நர்ஸ் சொன்னதை பேக்கரிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போட்டுக்கொண்டவள் அவர் மனைவி. விடிவதற்குள் மாவு பிசைந்தே பழகிய மனிதர், ஊர் உறங்கும் நேரத்தில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். தூக்கம் கெட்ட உடம்போடு இதயத்தைத் திறந்து மூடினால், கண் விழிக்கும்போது சிலருக்குப் புத்தி தடுமாறுமாம். முன்கூட்டியே தூக்கத்தைச் சீராக்கினால் அந்த ஆபத்து குறையுமாம். மனைவிக்கு இது புதுச் செய்தி இல்லை. கணவரின் அண்ணன் இதே ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது, கட்டிய மனைவியைப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பள? வெளிய அனுப்புங்க" என்றதை இவள் பக்கத்தில் நின்று கேட்டவள். நாலு நாளில் அவர் தெளிந்துவிட்டார். அதைக் கேட்ட அவர் மனைவிதான் இன்னும் தெளியவில்லை.

தன்னையும் இவர் அப்படிக் கேட்டுவிட்டால்? ஜன்னலுக்குக் கனத்த துணி கட்டினாள், செல்போனைப் பிடுங்கி வைத்தாள், மதியத்துக்கு மேல் காபியை நிறுத்தினாள். பகலில் அவர் கண் சொக்கினால் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"நீ பொண்டாட்டியா, ஜெயிலரா?"

"ரெண்டும்தான். எந்திரிங்க."

ஒரு வாரத்தில் மனிதர் அடித்துப் போட்டாற்போல் தூங்க ஆரம்பித்தார். எந்தச் சத்தமும் அவரை எழுப்பிவிடக் கூடாதென்று அவள் ராத்திரி முழுக்க அறை வாசற்படியிலேயே விழித்திருந்தாள். அவள் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும்தான். சில நாள் கழித்து, அவர் கால்மாட்டில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. வயதான ஆள். சத்தம் போடாதவரை யாராயிருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவளை உள்ளே விட்டபோது அவர் கண் திறந்தார்.

"என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? வீட்டுக்குப் போய்த் தூங்கு."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுதாள், சிரித்தாள், பிறகு கால்மாட்டுப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? இவருக்கு என்னைத் தெரியுது!" என்றாள்.

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். வெறும் சுவர்.

"யார்கிட்ட பேசுற?"

"வீட்லேர்ந்து கூடவே வந்திருக்காரே, இவர்கிட்டதான்."

ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி அவர் மணியை அழுத்தினார். ஓடி வந்த நர்ஸுக்கு, தன்னை இல்லை, அவளைப் பார் என்று கண்ணால் காட்டினார். நர்ஸ் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் கை வைத்தாள்.

"அம்மா, படுத்திருக்காரே, இவர் யாரு? சொல்லுங்க பாப்போம்."

இது ஒரு கேள்வியா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் இருந்தவர் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்கித் தெளிந்த முகம். எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மட்டும் அவளுக்குப் பட்டது.